வெளியாள் விலை

கையில் பதினெட்டு லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு, புதுச்சேரி நகருக்குள் வாடகை வரும்படியாக ஒரு தனி வீடு வாங்கக் கிளம்பியவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டால் மேலே போகலாம். கிளம்பியதோடு நிற்கவில்லை. பார்த்த வீட்டுக்கெல்லாம் பாதி விலை கேட்டேன். ரெட்டியார்பாளையத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் தரகர்கள் எனக்குப் ‘பாதி வெல சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கு வந்தபோது வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பணம் கிராமத்து நிலத்தை விற்றதில் வந்த பங்கு. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மாலைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டிலும் சேர்ந்து வருவது வீட்டு மளிகைக்கும் புத்தகக் கடைக்கும் சரியாகப் போய்விடும். என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பணத்தை பேங்கில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அவள் கட்சி. நான் தூங்காமல் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவிலிருந்து ஒருவர் தமிழிலேயே பேசினார். மலிவான வீடுகளாகப் பார்த்து வாங்கி வாடகைக்கு விட்டுப் பணக்காரராகிவிட்டாராம். பத்து வீட்டுக்கு விலை சொல்லு, ஒன்று படியும் என்றார். சொல்கிற விலை உனக்கே கூச்சமாக இருக்க வேண்டும், கூச்சம் வரவில்லையென்றால் நீ அதிகமாகக் கொடுக்கிறாய் என்று பொருள் என்றும் சொன்னார். அவர் இருக்கும் ஊரில் பத்து வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இங்கே காலையில் முத்தியால்பேட்டையில் கேட்ட விலை மதியத்துக்குள் முதலியார்பேட்டைக்குப் போய்விடுகிறது. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

வீடு மதிப்பிடுவதில் மட்டும் நான் நன்றாகவே தேறினேன் என்று இன்றும் நம்புகிறேன். சுவரில் சாமி காலண்டர் முழங்கால் உயரத்தில் தொங்கினால் அதன் பின்னால் ஓதம் இருக்கிறது. தரையில் பாய் விரித்து அதன்மேல் யாராவது நகராமல் உட்கார்ந்திருந்தால் தரை பிளந்திருக்கிறது. போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கடலோரப் பக்கம் அது உப்புக் கரிக்கும். வாடகைக்கு இருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். வீட்டுக்காரர் சொல்லாததையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். கூடவே வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்வார்கள், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, அந்த வீட்டுக்கு வரக்கூடிய நூறு மாத வாடகைதான் அதன் விலை என்று நானாக ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். அதன்படி ஊரில் எந்த வீடும் அதன் விலைக்குத் தகுதியானதாக இல்லை. மனைவி ஒருநாள் என் சூத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கணக்கு சரியாத்தாங்க இருக்கு. ஊருதான் தப்பா இருக்குது” என்றாள்.

குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர் கடல் தெரியும் என்று சொல்லிக் கூடுதலாக ஐந்து லட்சம் கேட்டார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்றால் தெரிந்தது. பிள்ளைச்சாவடியில் ஒருவர் எனக்கு எதிர்காலத்தையே விற்கப் பார்த்தார்.

“முன்ன எல்லாம் கடலு அங்க தூரமா இருந்துச்சு சார். இப்ப எவ்ளோ பக்கத்துல வந்துடுச்சு பாருங்க. இன்னும் வரும். வெல ஏறத்தான் செய்யும்” என்றார்.

இரண்டு பேருக்கும் பாதி விலை சொன்னேன். முதலாமவர் சிரித்தார். இரண்டாமவர் என் தரகரைப் பார்த்து, “இவர ஏன்பா வெயில்ல அலைய வுடற?” என்று கேட்டார்.

தரகர் பொறுமைசாலி. நாற்பது வயது இருக்கும். பழைய மொபெட் ஒன்றில் ஊர் முழுக்கச் சுற்றுவார். விலை சொல்லிவிட்டு வெளியே வந்ததும் என்னைத் திட்டமாட்டார், மொபெட்டைத்தான் உதைப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் டீக்கடையில் தானே என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், உங்களுக்குன்னே ஒரு வீடு வந்திருக்கு. நீங்க எப்பவும் கேக்கற மாதிரி கேளுங்க. கூச்சப்படாதீங்க.”

ஒரு தரகர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால் எழுந்து ஓட வேண்டும் என்று இப்போது தெரிகிறது. நான் அவருக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

வீடு, மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலைக்குப் பின்னால் மில் தொழிலாளிகள் குடியிருந்த தெருவில் இருந்தது. ஒரு குழி மனை, அதாவது ஐந்நூற்றுச் சொச்சம் சதுர அடி. முன்பக்கம் தளம், பின்பக்கம் ஓடு. மில்லில் வேலை பார்த்த அப்பா கட்டியது. அவரும் அம்மாவும் போன பிறகு அண்ணன் முன்பக்கத்திலும் தங்கை பின்பக்கத்திலும் இருந்தார்கள். அண்ணனுக்கு இரண்டு லோடு வண்டிகள் ஓடின. தங்கை கணவனை இழந்தவர். பள்ளிச் சீருடை தைத்து மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் சரிபாதிப் பங்கு.

அண்ணன் வாசலுக்கே வந்து வரவேற்றார். இத்தனை வீடு பார்த்ததில் அப்படி ஒரு நேர்மையான விற்பனையாளரை நான் சந்தித்ததில்லை. தன் வீட்டுக் குறைகளைத் தானே கைகாட்டினார்.

“இந்தச் சொவரு முழுக்க ஓதம் சார். தட்டிப் பாருங்க, பொலபொலன்னு கொட்டும்.”

தட்டினேன். கொட்டவில்லை.

“மழைக்காலத்துல கொட்டும் சார். மழைன்னா தெருத் தண்ணி நேரா உள்ளதான் வரும். அப்பறம் இந்த ஓடு இருக்கே, அதப் பத்திப் பேசவே வேணாம்.”

பின்பக்கத்திலிருந்து தையல் மிஷின் சத்தம் நின்றது. தங்கை கழுத்தில் டேப்போடு வந்து நின்றார்.

“எங்க வருது தண்ணி? நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கெடக்கறேன். பெரிய மழைக்கெல்லாம் எதிர்வீட்டுக்காரங்க நம்ம வீட்டுலதான் வந்து படுத்தாங்க. வாசப்படி தாண்டுனதில்ல.”

“நீ சும்மா இரும்மா. சாருக்கு உள்ளது உள்ளபடி சொல்றேன்.”

“ஓடு போன வருஷந்தான் மாத்துனது. நான்தான் பாதி காசு குடுத்தேன்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சார், பாத்து நல்ல வெலயாச் சொல்லுங்க. பாதி என்னுது. அத வச்சி இங்கயே பக்கத்துல ஒரு சின்ன எடமாப் புடிச்சாகணும். துணி குடுக்கறவங்க எல்லாம் இந்த நாலு தெருவுலதான். ஊருக்கு வெளிய போயிட்டன்னா அங்க எனக்கு யாரு குடுப்பா?”

விற்கிறவர் மட்டம் தட்டுகிறார், கூடவே விற்கிறவர் தூக்கிப் பேசுகிறார். இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று எந்த மனிதனுக்கும் தோன்றியிருக்கும். எனக்கு, அண்ணன் கண்ணியமானவர், தங்கைக்கு வியாபாரம் தெரியவில்லை என்று தோன்றியது.

மூலப்பத்திரம் காட்டினார்கள். பிரெஞ்சில் இருந்தது. தெருப் பலகைகளைத் தாண்டி எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, நடுநடுவே புருவத்தைச் சுருக்கி, ஒரு இடத்தில் “ம்” என்றேன். அண்ணன் பதறிப்போய், “ஏதாவது வில்லங்கம் இருக்குதா சார்?” என்று கேட்டார். இருந்தால் நல்லது என்பதுபோல ஒரு ஆசை அந்தக் குரலில் இருந்தது.

வெளியே வந்து தரகரிடம் விலை கேட்டேன். முப்பது சொல்கிறார்கள் என்றார். நான் என் கூச்சத்தை அளந்து பார்த்துப் பதினாறு என்றேன். அவர் மொபெட்டை உதைக்கவில்லை. உள்ளே போய் அண்ணனிடம் மட்டும் பேசிவிட்டு உடனே திரும்பி வந்தார்.

“சரின்னுட்டாரு சார். ஞாயித்துக்கெழம அவங்க மாமா வர்றாரு. நாலு பேரு முன்னாடி உங்க வாயால அந்த வெலயச் சொல்லிடுங்க, போதும்.”

அந்த வாரம் நான் நடந்த நடையே வேறு. அலுவலகத்தில் கூட வேலை செய்பவருக்கு வீடு வாங்குவது பற்றி ஒரு மதிய உணவு நேரம் முழுக்க இலவசமாக ஆலோசனை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தெருப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நடுவில் தாய்மாமா, அவரும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணி எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். தங்கை உள்கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தரகர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“சார்தான் வெளியாளா?” என்று மாமா கேட்டார்.

“ஆமா மாமா. நம்ம யாருக்கும் ஒறவும் இல்ல, பழக்கமும் இல்ல. வெளியாளு” என்றார் அண்ணன்.

“என்னா வெல கட்டுறீங்க சார்?”

“பதினாறு” என்றேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

மாமா மற்றவர்களைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டீங்கல்ல? வெளியாளு வெல பதினாறு. அப்ப ஆளுக்கு எட்டு. வீட்டாளுக்குத்தான மொத உரிமை? பையன் எடுத்துக்கறேங்கறான். தங்கச்சிக்கு எட்டக் குடுத்துட்டு எழுதிக்கட்டும். பிரெஞ்சுக்காரன் காலத்துல நொத்தேரு பத்திரம் எழுதுன நாள்லேர்ந்து நம்ம தெருவுல இப்பிடித்தான், கோர்ட்டுக்கு யாரும் போனதில்ல.”

எனக்குப் புரிய ஒரு மடக்குக் காப்பி குடிக்கிற நேரம் ஆயிற்று. அந்தத் தெருவில் கூடப்பிறந்தவர்கள் வீடு பிரிக்கும்போது விலையைத் தாங்களே நிர்ணயிப்பதில்லை. சண்டை வருமாம். சம்பந்தமில்லாத ஒருவரைக் கூட்டி வந்து விலை கேட்கச் சொல்வார்கள். அவர் கேட்ட விலைக்குக் கூடப்பிறந்தவர்களில் ஒருவரே எடுத்துக்கொள்ளலாம். நியாயமான ஏற்பாடுதான். வெளியாள் சாதாரண மனிதனாக இருக்கும்வரை. அண்ணனுக்குத் தேவைப்பட்டது வீட்டை வாங்குகிற ஆள் அல்ல. ஊரிலேயே குறைவாக விலை கேட்கிற ஆள். டீக்கடையில் விசாரித்திருக்கிறார். ஒரே பெயரைத்தான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பித் தரகரைப் பார்த்தேன். அவர் போனில் இன்னும் ஆழமாக இறங்கினார்.

“எட்ட வச்சிக்கிட்டு நான் எங்க மாமா போறது?” என்றார் தங்கை. பிறகு என்னைப் பார்த்தார். “சார், பதினாறுக்கு இந்தத் தெருவுல கக்கூஸு கட்ட எடம் கெடைக்குமா? கொஞ்சம் சொல்லுங்க.”

“வெளியாளு சொன்னா சொன்னதும்மா” என்றார் மாமா. குரலில் அவருக்கே சங்கடம் தெரிந்தது. “நீயும் ஒரு ஆளக் கூட்டியாந்திருக்கலாம் இல்ல?”

“ஸ்கூலு தொறக்கப் போவுது மாமா. மிஷின உட்டுட்டு ஆளத் தேடிக்கிட்டா அலைய முடியும்?”

நான் வாயைத் திறந்தது தங்கைக்காகத்தான் என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பாதிக்குப் பாதி அது உண்மை. மீதிப் பாதி, ஒரு வருஷத்தில் எனக்குப் படிந்த ஒரே விலை இது, அதுவும் எனக்காகப் படியவில்லை என்ற எரிச்சல்.

“இருபது” என்றேன்.

தரகர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். “சார், பதினாறுன்னு சொல்லிட்டீங்க சார்.”

“இப்ப இருபதுன்னு சொல்றேன்.”

“ஏத்தலாமா மாமா?” என்று அண்ணன் கேட்டார்.

“எழுதுற வரைக்கும் ஏத்தலாம்” என்றார் மாமா. அவர் முகத்தில் சங்கடம் போய்ச் சுவாரசியம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் இருபத்தொன்று என்றார். நான் இருபத்திரண்டு. அவர் இருபத்துமூன்று. இந்த இடத்திலேயே நான் என் பணத்தைத் தாண்டி நான்கு லட்சம் வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஆனால் நிற்க முடியவில்லை. ருஷ்ய நாவல்களில் பண்ணைகள் ஏலம் போகும் அத்தியாயங்களைக் கண்ணீரோடு படித்தவன் நான். ஏலம் கேட்கிறவனுக்கு அதில் இவ்வளவு குஷி இருக்கும் என்று எந்த நாவலாசிரியரும் சொல்லவில்லை. இருபத்துநான்கு, இருபத்தைந்து. பி.எஃப். கடன் எடுக்கலாம் என்று தோன்றியது. இருபத்தாறு சொல்லும்போது மனைவியின் நகைகள் ஞாபகத்துக்கு வந்தன. தொடர்ந்து மனைவியும் வந்தாள். அண்ணன் இருபத்தேழு என்றார்.

“இருபத்தெட்டு” என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

அண்ணன் பேசவில்லை.  தெருப் பெரியவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த மௌனத்தில்தான் எனக்கு விஷயம் முழுசாக விளங்கிற்று. அந்த மனிதர் ‘சரி சார், நீங்களே எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டால், என்னிடம் இல்லாத பத்து லட்சத்தை நான் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால், எனக்கு முன்னால் நிலையில் சாய்ந்து நிற்கும் அந்த அம்மாளுக்கு எதுவும் கிடைக்காது. அடுத்த வெளியாளைத் தேடி அண்ணன் மறுபடி கிளம்புவார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“கொஞ்சம் தண்ணி” என்றேன். 

தங்கைதான் சொம்பில் கொண்டுவந்தார். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தேன்; நடுவில் நிறுத்தத் தெரியவில்லை. காலிச் சொம்பைக் கீழே வைத்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தெட்டரை” என்றார்.

“சார்?” என்றார் மாமா.

நான் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினேன். பெரிய நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் ஒரு மனிதனின் தோரணையை முயன்றேன். உள்ளுக்குள் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை விவரிக்க முடியாது. அந்த வீட்டை வாங்காமல் தப்பியதுபோல ஒரு ஆனந்தம் எந்த வீட்டை வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காது.

“ஆளுக்குப் பதினாலே கால். பேசுனது பேசுனதுதான்” என்று மாமா முடித்துவைத்தார். பெரியவர்கள் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்கள்.  அண்ணன் தன் வீட்டுச் சுவரில் ஓதம் இருப்பதை அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

தெருமுனை வரை தரகர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார்.

“என்னா சார் இப்பிடிப் பண்ணிட்டீங்க? பாதி வெல கேக்கற ஆளு ஒருத்தர் வேணும்னாங்க. நம்பிக் கூட்டியாந்தேன்.”

“எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவீங்களே சார்” என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். கொஞ்சம் வீரமாகத்தான் சொன்னேன். எட்டு லட்சம் பதினாலே கால் ஆன கதை. அவள் பருப்பு கடைந்துகொண்டே முழுக்கக் கேட்டாள்.

“ஏங்க, நீங்க இருபத்தெட்டு சொன்னப்ப அந்த ஆளு சரின்னு எழுந்திருந்தா?”

 மறுநாள் அவள் அரை நாள் லீவு போட்டு என்னை பேங்குக்கு அழைத்துப் போனாள். பதினெட்டு லட்சமும் நிரந்தர வைப்பில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். டீக்கடையையும் மாற்றிக்கொண்டேன்.

ஆனாலும் மனசில் ஒரு ஓரம் திருப்தியாக இருந்தது. வீடு வாங்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்துக்கு நியாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? அந்தத் திருப்தியை யாராவது எனக்கு எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சில மாதங்கள் கழித்து, இடுப்பு பிடிக்கிற ஒரு பேண்ட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இடுப்பு உண்மையாகவே பிடித்தது.

தங்கை இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு அறையும் சமையலறையுமாக வாங்கியிருந்தார். கொஞ்சம் நகைக்கடன் போட்டுச் சேர்த்தாராம். சன்னலோரம் மிஷின். நீல நிறச் சீருடைத் துணி கட்டில் முழுக்கக் கிடந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி நாற்காலியிலிருந்த துணியை அள்ளிப்போட்டு உட்காரச் சொன்னார். பேண்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, தையலைப் பிரிக்க எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பார்த்தார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?” என்று கேட்டேன். நன்றி வருவதற்கு வாகாக முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“முடிஞ்சிது சார். துணி குடுக்கறவங்க எல்லாரும் வராங்க. மாடி ஏறணும்னு கீழேர்ந்தே கத்துறாங்க, நான் எறங்கிப் போயி வாங்கியாறேன்.” தையல் நூலைப் பல்லால் கடித்தார். “அன்னிக்கு நடந்தத அண்ணி அப்பறம் சொன்னாங்க சார். அண்ணன் ஒரே அடியா முப்பத்திரெண்டுன்னு சொல்லி உங்கள ஒக்கார வச்சிடலாம்னுதான் வாயத் தொறந்துச்சாம். நீங்க ஒரு சொம்புத் தண்ணியையும் மடமடன்னு குடிச்சதப் பாத்துட்டு, இந்தாளுகிட்ட காசு இல்லடான்னு அரையோட நிறுத்திக்கிச்சாம். முப்பத்திரெண்டு சொல்லியிருந்தா எனக்குப் பதினாறு வந்திருக்கும். கீழ் வீடே எடுத்திருப்பேன்.”

டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து, இடுப்பைக் காட்டச் சொன்னார்.

“இனிமே எங்கயாவது வெல பேசப் போனீங்கன்னா, வீட்டுலயே தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்.”